கையை உதறுற வயசு

எங்க கடை ராமேஸ்வரத்துல, அக்னி தீர்த்தக் கரைக்கும் கோயில் கிழக்கு வாசலுக்கும் நடுவுல இருக்கு. சங்கு, சோழி, சிப்பி மாலை, பேர் எழுதுன கீசெயின், இதுதான் வியாபாரம். கூட்டம் இல்லாத நேரத்துல ரோட்டை வேடிக்கை பாக்குறதுதான் வேலை. பாத்துப் பாத்து இப்ப எப்படி ஆகிடுச்சுன்னா பிள்ளைக்கு என்ன வயசுன்னு மூஞ்சியைப் பாக்காம கையைப் பாத்தே சொல்லிடுவேன். நாலஞ்சு வயசுன்னா அம்மா கையில தொங்கிக்கிட்டே வரும், ஏழு எட்டுன்னா ஒத்தை விரலை மட்டும் பிடிச்சிருக்கும், ஒம்போது பத்துன்னா அம்மா பின்னாடி கையை நீட்டிக்கிட்டே நடப்பாங்க, பிள்ளை கை டவுசர் பாக்கெட்டுக்குள்ள இருக்கும். அந்த நீட்டுன கைக்கும் பாக்கெட்டுக்கும் நடுவுலதான் எல்லா சண்டையும் நடக்குது. நடுரோட்டுல நின்னு "பிடிடா கையை", "மாட்டேன் போ"ன்னு. பின்னாடி ஆட்டோக்காரர் ஹாரன் அடிச்சிக்கிட்டு நிப்பாரு.

எனக்கு ரெண்டு பிள்ளைங்க. பெரியவ எட்டாவது, சின்னவன் அஞ்சாவது. வீடு பாம்பன்ல, வீட்டுக்காரரு நாட்டுப்படகுல கடலுக்குப் போறவரு. ரெண்டு பிள்ளைங்களும் கையை விட்ட கதை ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம நடந்துச்சு, அதைத்தான் எழுதலாம்னு. எங்க வீட்டுக்கு என்ன சரியா வந்துச்சோ அதைச் சொல்றேன், உங்க வீட்டுக்கு எது பொருந்துமோ அதை எடுத்துக்கோங்க.

மொதல்ல பையன். அவன் திடீர்னு ஒருநாள் விட்டுடலை, கொஞ்சம் கொஞ்சமாத்தான் விட்டான். முழுக்கையா பிடிச்சிட்டு இருந்தவன் சுண்டுவிரலுக்கு வந்தான், சுண்டுவிரல்ல இருந்து சேலை முந்திக்கு வந்தான், அப்புறம் என் ஹேண்ட்பேக் வாரு. அதுவும் தெருமுக்கு வரைக்கும்தான், முக்குல பெட்டிக்கடை கிட்ட அவன் வகுப்புப் பசங்க ரெண்டு பேரு நிப்பாங்க, அந்தக் கடை போர்டு கண்ணுக்குத் தெரிஞ்சதுமே வாரை விட்டுட்டு நாலு அடி முன்னாடி போயிடுவான். யாரோ ஒரு அம்மா கூட யாரோ ஒரு பையன் போற மாதிரி. நான் கூப்பிட்டா திரும்பாம "வாங்க வாங்க"ன்னு கையை மட்டும் ஆட்டுவான், என்னமோ என்னை அவன்தான் கூட்டிட்டுப் போற மாதிரி. சிரிப்பாவும் வரும், மனசுக்கு ஒரு மாதிரியும் இருக்கும். சில அம்மாக்கள் இதுக்கு அழுவாங்க. நான் அழலை, பொய் சொல்லக்கூடாது, மீன் பையும் காய்கறிப் பையும் தூக்கிட்டு வர்ற நேரத்துல ஒரு கை ஃப்ரீயா கிடைச்சது நல்லதுதான்னுகூட தோணுச்சு.

ஆனா இதுல ஒரு விஷயம் கடையில உக்காந்து பாத்து எனக்கு நல்லா புரிஞ்சிருந்துச்சு. வேண்டாம்னு சொல்ற பிள்ளை கையை இறுக்கிப் பிடிச்சு இழுத்துட்டுப் போனா அந்தப் பிள்ளையோட கவனம் பூரா அந்தக் கையிலதான் இருக்கும், எப்படா உருவலாம், எந்தப் பக்கம் திருப்புனா வழுக்கும்னு. ரோட்டுல என்ன வருதுன்னு அது பாக்கவே பாக்காது. அம்மாவும் பிடி நழுவாம இருக்கான்னு கையைத்தான் பாத்துட்டு இருப்பாங்க. ஆக ரெண்டு பேருமே வண்டியைப் பாக்கலை. இந்த மாதிரி இழுபறியில உருவிக்கிட்டு ஓடுற பிள்ளை எப்பவும் ரோட்டுப் பக்கமாத்தான் ஓடும், ஏன்னா நாம அதை ஓரமா வச்சு இழுத்துட்டு இருக்கோம், உருவுனா எதிர்ப்பக்கம்தானே போகும். சைக்கிள் பிரேக் பிடிச்சு நிக்கிறதை இங்க உக்காந்து எத்தனையோ தடவை பாத்திருக்கேன். அதனால என் பையன் விட ஆரம்பிச்சப்ப நான் போராடலை. எங்க விடலாம், எங்க விடக்கூடாதுன்னு மட்டும் உக்காந்து பேசினோம். எங்க வீட்டுல ஆன முடிவு இதுதான், கையை விடணுமா வேண்டாமான்றதை நீ முடிவு பண்ணு, எங்க விடக்கூடாதுன்றதை அந்த இடம் முடிவு பண்ணும். அம்மாவுக்கு அதுல ஓட்டு இல்லை. அம்மாவுக்கே ஓட்டு இல்லைன்னதும் அவனுக்கு அது பிடிச்சுப் போச்சு.

விடக்கூடாத இடம்னு எங்க ஊர்ல மூணே மூணுதான் வச்சோம். நிறைய வச்சா எதையும் கேக்க மாட்டாங்க.

ஒண்ணு, மெயின் ரோடு கிராஸ் பண்றது. பாம்பன், தங்கச்சிமடம் வழியா ராமேஸ்வரம் போற ரோடு இருக்கே, வெளியூர் வேன், டூரிஸ்ட் பஸ், மீன் லாரி எல்லாம் அந்த ஒத்தை ரோட்டுலதான், தீவுக்கு வேற வழி ஏது. பத்து வயசுப் பிள்ளைக்கு வண்டி வர்றது தெரியும், ஆனா அது என்ன வேகத்துல வருது, நாம கடக்குறதுக்குள்ள வந்துடுமான்ற கணக்கு இன்னும் சரியா வந்திருக்காது. பெரியவங்களுக்கே தப்புது. நின்னுட்டு இருக்கிற பஸ்ஸுக்கு முன்னாடி புகுந்து கடக்குறது இருக்கு பாருங்க, அது இன்னும் மோசம், பிள்ளை உயரத்துக்கு பஸ்ஸைத் தாண்டி எதுவும் தெரியாது, ஓவர்டேக் பண்ணி வர்றவனுக்கும் பிள்ளை தெரியாது. பஸ் போன பிறகுதான் கடக்கணும்னு இது ஒரு சட்டம் மாதிரி. நடைபாதை இல்லாத இடத்துல வலது ஓரமா நடக்கணும், அப்பதான் நம்ம பக்கம் வர்ற வண்டி எதிர்ல வரும், கண்ணுல படும். இடது ஓரமா நடந்தா பின்னாடி என்ன வருதுன்னே தெரியாது, அதுவும் எங்க ஊரு கடல் காத்துல ஹாரன் சத்தம்கூட சில நேரம் காதுல விழாது. பஸ்ல ஏறும்போது பிள்ளை முதல்ல, நாம பின்னாடி. இறங்கும்போது நாம முதல்ல, பிள்ளை பின்னாடி. இதை மாத்திச் செய்றவங்களைத் தினம் பாக்குறேன், அம்மா மேல ஏறிடுவாங்க, பிள்ளை கீழ நிக்கும், கண்டக்டர் விசில் அடிச்சுடுவாரு.

ரெண்டாவது, பாம்பன் பாலம். 1988ல திறந்த ரோட்டுப் பாலம்தான், ஆனா அதுல வண்டியை நிப்பாட்டிட்டு இறங்கி வேடிக்கை பாக்காத டூரிஸ்டே கிடையாது. ஒருபக்கம் 1914ல கட்டுன பழைய ரயில் பாலத்துக்குப் பதிலா 2025 ஏப்ரல்ல திறந்த புது ரயில் பாலம், நடுவுல தூக்குற பாகம் அப்படியே லிஃப்ட் மாதிரி மேல போகும், அது தூக்குற நேரம்னு தெரிஞ்சா போதும், கூட்டம் கட்டுக்கு அடங்காது. ரோட்டோரம் காரு, கைப்பிடிச் சுவர் ஓரம் ஜனம், நடுவுல பஸ்ஸு. இங்க நான் பாத்த வரைக்கும் மொதல்ல கையை விடுறது பிள்ளைங்க இல்லை, பெத்தவங்கதான். செல்ஃபி எடுக்கணுமே. ஒரு கையில போன், இன்னொரு கையால காத்துல பறக்குற முடியை ஒதுக்கணும், மூணாவது கைக்கு எங்க போறது. பஸ் ஜன்னல்ல இருந்து பாக்கும்போது எனக்கு வயித்தைக் கலக்கும். போட்டோ எடுக்கிறதா இருந்தா ஒருத்தர் எடுங்க, ஒருத்தர் பிள்ளையைப் பிடிங்க, தனியா வந்திருந்தா போட்டோவே வேண்டாம், காருக்குள்ள இருந்தே பாலம் நல்லா தெரியும்.

மூணாவது, தெற்குக் கடல். இதை வெளியூர்க்காரங்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்லணும். எங்க தீவுக்கு ரெண்டு பக்கமும் கடல். அக்னி தீர்த்தம் இருக்கிற பக்கம் குளம் மாதிரி கிடக்கும், அதைப் பொம்பளைக் கடல்னு சொல்லுவாங்க, தனுஷ்கோடி போனா தெற்குப் பக்கம் அலை அடிக்கிறது ஆம்பளைக் கடல். (யாரு பேர் வச்சாங்கன்னு தெரியலை, வீட்டுல நடக்கிறதைப் பாத்தா மாத்தி வச்சிருக்கணும்.) கச்சான் காத்து, அதாவது தென்மேற்குக் காத்து அடிக்கிற மாசத்துல தெற்குக் கடல் பொங்கும், வாடைக் காத்து வந்துட்டா வடக்குக் கடலும் சும்மா இருக்காது, அப்ப அக்னி தீர்த்தத்துலயே பிள்ளைங்களை ஜாக்கிரதையாத்தான் இறக்கணும். முன்ன தனுஷ்கோடி போகணும்னா முகுந்தராயர் சத்திரத்துல இருந்து மணல்ல வேன்ல குலுங்கிக் குலுங்கிப் போகணும், 2017ல தீவோட கடைசி முனையான அரிச்சல்முனை வரைக்கும் ரோடு திறந்த பிறகு யாரு வேணா கார்ல நேரா முனைக்கே போயிடலாம். குளிக்கக்கூடாதுன்னு போர்டு வச்சிருக்கு, அதுக்குக் கீழயேதான் குளிக்கிறாங்க. முனையில ரெண்டு பக்கத்து நீரோட்டமும் மோதும், முழங்கால் அளவு தண்ணியில நின்னுட்டு இருப்பீங்க, அடுத்த அலை இழுக்கும்போது காலுக்குக் கீழ இருந்த மண்ணே இருக்காது.

தண்ணியில எப்படிப் பிடிக்கணும்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிக் கொடுத்ததை நான் எல்லாருக்கும் சொல்றேன். விரலைக் கோத்துப் பிடிக்கக் கூடாது, உள்ளங்கையைப் பிடிக்கக் கூடாது. ஈரக் கை, உப்புத் தண்ணி, ஒரு அலை வந்து பிள்ளையைத் தூக்குனா விரல் ஒவ்வொண்ணா உருவிடும். மணிக்கட்டைப் பிடிக்கணும். நான் அவன் மணிக்கட்டைப் பிடிக்கணும், அவன் என் மணிக்கட்டைப் பிடிக்கணும். ஒருத்தர் பிடி நழுவுனாலும் இன்னொருத்தர் பிடி இருக்கும். வளையல், வாட்ச் எல்லாம் கழட்டிடணும். அவரு வீட்டு வாசல்லயே ரெண்டு கையிலயும் சோப்பைத் தடவிட்டு "இப்ப இழு பாப்போம்"னு ரெண்டு முறையும் செஞ்சு காமிச்சாரு. விரல் பிடி ஒரே இழுப்புல போச்சு, மணிக்கட்டுப் பிடி போகலை. பையன் அதை விளையாட்டாவே எடுத்துக்கிட்டு ஸ்கூல்ல எல்லார் கையிலயும் செஞ்சு காமிச்சிருக்கான். அதுக்கப்புறம் கடற்கரைக்குப் போனா "அம்மா, மணிக்கட்டு"ன்னு அவனே கையை நீட்டுவான். கை பிடிக்கிறதுதான் சின்னப்பிள்ளைத்தனம், மணிக்கட்டு பிடிக்கிறது கடலுக்குப் போறவங்க வேலை. அவன் கணக்கு அது, நான் எதுக்குக் கெடுக்கணும். இன்னொண்ணும் அவரு சொல்லுவாரு, இழுத்துட்டுப் போனா கரையைப் பாத்து எதிர்த்து நீந்தாதே, கரைக்குப் பக்கவாட்டுல நீந்தி அந்த இழுப்பை விட்டு வெளிய வா, அப்புறம் கரைக்கு வா. நீச்சல் தெரிஞ்ச பிள்ளைங்களுக்குத்தான் இது, தெரியாத பிள்ளைக்கு முழங்காலுக்கு மேல தண்ணியே கூடாது.

இந்த மூணு இடத்தைத் தவிர மத்த இடத்துல நான் கை கேக்குறது இல்லை. ஆனா கூட்டத்துல பக்கத்துலயே வச்சுக்கணுமே, அதுக்கு ஒரு வழி தானா கிடைச்சுச்சு, வயர் கூடை. சந்தைக்குப் போனா கூடைக்கு ரெண்டு காது இருக்கும்ல, ஒண்ணு நான் பிடிப்பேன், ஒண்ணு அவன் பிடிப்பான். பாக்குறவங்களுக்கு அம்மாவுக்கு உதவி பண்ற பையன். எனக்கு அவன் ரெண்டடி தூரத்துக்கு மேல போகமாட்டான்ற நிம்மதி. கூடையில தேங்காய் ரெண்டு, வெங்காயம்னு கொஞ்சம் வெயிட் இருக்கணும், காலிக் கூடைன்னா அதை அவன் ஒத்தைக் கையில வாங்கிட்டு ஓடிடுவான்.

அடுத்தது எங்க அத்தை, அதாவது அவரோட அம்மா. அவங்க தனுஷ்கோடியில பொறந்தவங்க. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் அடிச்சப்ப சின்னப் பிள்ளை, அவங்க அம்மா இடுப்புல ஒண்ணு, கையில இவங்கன்னு இருட்டுல தண்ணியில நடந்து மேட்டுக்கு வந்திருக்காங்க. அதைப் பத்தி அவங்களா பேச மாட்டாங்க, கேட்டாலும் "அது கிடக்குது போ"ம்பாங்க. ஆனா பேரப்பிள்ளைங்க கையைப் பிடிச்சா விடவே மாட்டாங்க, நகம் பதியும், அப்படி ஒரு பிடி. "விடுங்க அப்பத்தா, வலிக்குது"ன்னு பையன் கத்துவான். இதுல ரெண்டு பேரையும் சமாளிக்கிறது எப்படின்னு யோசிச்சப்ப வேலையையே மாத்திக் குடுத்தேன். அவங்களுக்கு இப்ப முட்டி வலி, கோயில்ல 22 தீர்த்தமும் ஆடிட்டு வர்றவங்க ஈரத்துணியோட நடந்து நடந்து தரை பூரா தண்ணி, வழுக்கும். "டேய், அப்பத்தா விழுந்துட்டா உன் பொறுப்பு, நீ கூட்டிட்டு வா"ன்னு சொன்னேன். அவ்வளவுதான். அம்மா கையைப் பிடிக்க வெக்கப்படுற அதே பையன் மூணாம் பிரகாரம் பூரா அப்பத்தா கையைப் பிடிச்சு "இங்க படி இருக்கு, மெதுவா, இங்க தண்ணி"ன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தான், எதிர்ல அவன் வாத்தியாரே வந்தப்பகூட விடலை. தன்னைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா பசங்களுக்கு அவமானம், தான் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா பெருமை. சித்தி பிள்ளை, பக்கத்து வீட்டு வாண்டு, யாரு கிடைச்சாலும் அவன் கையில குடுத்துடுங்க. பத்து வயசுப் பையனை நம்பி ரோட்டைக் கடக்க விடாதீங்க, அது நாம கூட இருக்கிறப்ப மட்டும்தான்.

சரி, கையை விட்டாச்சு, காணாமப் போனா? நம்ம கோயில் பிரகாரத்தையே எடுத்துக்கோங்க, 1212 தூணுன்னு சொல்லுவாங்க, எந்தத் தூணும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், பெரியவங்களே எந்த வாசல்ல வந்தோம்னு தெரியாம எங்க கடையில வந்து வழி கேப்பாங்க. ஆடி அமாவாசை, தை அமாவாசைன்னா சொல்லவே வேண்டாம், மைக்ல "இன்ன கலர் சட்டை போட்ட பிள்ளை"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. எங்க கடை வாசல்லயும் பிள்ளைங்க வந்து நிக்கும். அப்படி ஒருதடவை வடக்க இருந்து வந்த பையன், எட்டு வயசு இருக்கும், தொங்க விட்டிருந்த சிப்பி மாலையில ஒண்ணைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு நின்னான். அழலை, பேசலை, கிட்டப் போனா மாலையை இன்னும் இறுக்குறான். எனக்குத் தெரிஞ்ச நாலு ஹிந்தி வார்த்தை விலை சொல்ற வார்த்தை, அதை வச்சு என்ன பேச. ஸ்டூலைப் போட்டு உக்கார வச்சேன், தண்ணி குடுத்தேன், தொடலை. அப்புறம் பாத்தா சட்டைப் பையில லாட்ஜ் கார்டு ஒண்ணு நனைஞ்சு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, நம்பர் மட்டும் படிக்கிற மாதிரி இருந்துச்சு. போன் போட்டதும் லாட்ஜ்காரர் அவங்க அப்பாவைப் பிடிச்சுக் குடுத்துட்டாரு. அந்தக் கார்டு இல்லைன்னா போலீஸ் பந்தல்ல உக்காந்து மொழி தெரிஞ்சவங்களைத் தேடிக்கிட்டு இருந்திருக்கணும்.

அதனால எந்த ஊருக்குப் போனாலும் தங்குற இடத்து கார்டு ஒண்ணு பிள்ளை பையில இருக்கட்டும், குளிக்கிற இடம்னா பிளாஸ்டிக் கவருக்குள்ள போட்டு வைங்க. அம்மா நம்பர் மனப்பாடமா தெரியணும், இப்ப இருக்கிற பிள்ளைங்களுக்கு போன்ல "அம்மா"ன்னு தட்டத் தெரியும், பத்து நம்பரைச் சொல்லத் தெரியாது, என் பையனுக்கு நான் அதைப் பாட்டு மாதிரி ராகம் போட்டுத்தான் ஏத்துனேன். அம்மா பேரு, அப்பா பேரு முழுசாத் தெரியணும், "அம்மா பேரு என்ன"ன்னா "அம்மா"ன்னு சொல்ற பிள்ளைங்களை நான் நிறைய பாத்துட்டேன். வழி தவறிட்டோம்னு தெரிஞ்சதும் தேடிக்கிட்டு நடக்கக் கூடாது, நின்ன இடத்துலயே நிக்கணும், நாம வந்த வழியிலயே திரும்பி வருவோம்னு அதுக்குத் தெரியணும். ரொம்ப நேரம் ஆச்சுன்னா நடந்து போறவங்க கிட்டக் கேக்காம கடை வச்சு உக்காந்திருக்கிறவங்க கிட்டப் போகணும், போலீஸ் நின்னா அவங்க கிட்ட. கடைக்காரங்க அங்கிட்டு இங்கிட்டு போகமாட்டோம், நாளைக்கும் அதே இடத்துலதான் இருப்போம். அப்படி ஒரு பிள்ளை உங்க கிட்ட வந்து நின்னா 1098க்குப் போடலாம், பிள்ளைங்களுக்கான ஹெல்ப்லைன், காசு கிடையாது. கூட்டத்துக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி பிள்ளையை ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, அன்னிக்குப் போட்ட சட்டையோட. பதட்டத்துல என்ன கலர் சட்டைன்னே மறந்துடும், அப்பாக்களுக்கு நிச்சயமா மறந்துடும்.

இனி பெரியவ விஷயம். இதைப் பத்தி யாரும் பேசுறதே இல்லை.

பையன் கையை அவன் விட்டான். பொண்ணு கையை அவ விடலை, நாங்கதான் விட்டோம். அவ அப்பா செல்லம், கரைக்கு அவரு படகு வந்தா ஓடிப்போய் கையைப் பிடிச்சுக்குவா, மீன் வாடை அடிச்சாலும் விட மாட்டா. போன வருஷம் பெரிய மனுஷி ஆனா, சடங்கெல்லாம் வச்சோம், சொந்தக்காரங்க எல்லாம் வந்து போனாங்க. அதுக்கப்புறம் அவரு அவ கையைப் பிடிக்கிறதையே நிப்பாட்டிட்டாரு. யாரும் சொல்லலை, அவருக்கும் ஏன்னு கேட்டா சொல்லத் தெரியாது, "பொண்ணு வளந்துட்டாள்ல"ன்னு ஒரு வார்த்தை. ரோடு கடக்கணும்னா என்னைப் பாத்து "நீ பிடிச்சுக்க"ம்பாரு. தம்பி வேண்டாம் வேண்டாம்னு உதறுறான், அவனைத் துரத்தித் துரத்திப் பிடிக்கிறாங்க, இவ கையை நீட்டிக்கிட்டு நிக்கிறா, பிடிக்க ஆள் இல்லை. அவ அவர்கிட்டக் கேக்கலை, என்கிட்டத்தான் கேட்டா, "நான் என்னம்மா பண்ணேன், அப்பா ஏன் என்கிட்ட வரமாட்டேங்குறாரு"ன்னு.

இன்னொரு கூத்தும் அதே நேரத்துல நடந்துச்சு. அப்பன் கை போச்சு, ஊர்க் கை எல்லாம் வந்துருச்சு. பஸ் ஸ்டாண்டுல ஒரு அத்தை முழங்கையைப் பிடிச்சு "இங்கிட்டு நில்லு"ம்பாங்க, கல்யாண வீட்டுல ஒரு பெரியம்மா தோளைப் பிடிச்சு உள்ள தள்ளுவாங்க. அக்கறைதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா அவளுக்குப் பிடிச்ச கை போயிடுச்சு, பிடிக்காத கை எல்லாம் வந்துடுச்சு. பையன் உதறுனா "வளர்றான்"னு சிரிக்கிறவங்க இவ உதறுனா "திமிரு"ங்குறாங்க. எனக்குக் கோவம் வந்தது இதுலதான்.

அவர்கிட்ட நான் ராத்திரி சோறு போடும்போது நேராச் சொல்லிட்டேன், உங்க பொண்ணு அவ ஏதோ தப்புப் பண்ணிட்டதா நினைச்சுக்கிட்டு இருக்கா, பாத்துக்கோங்கன்னு. மனுஷன் எதுவும் பேசலை, கையைக் கழுவிட்டு எழுந்து போயிட்டாரு. ரெண்டு நாள் கழிச்சு உத்தரகோசமங்கை சிவன் கோயிலுக்குக் கிளம்புறோம், மார்கழித் திருவாதிரை. வருஷத்துல அந்த ஒரு தடவைதான் மரகத நடராஜர் மேல இருக்கிற சந்தனத்தைக் களைவாங்க, அதைப் பாக்க வர்ற கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம், ராத்திரி பூரா க்யூ. வேன்ல இருந்து இறங்குனதும் அவரு "பாப்பா, என் சட்டையைப் பின்னாடி பிடிச்சுக்க, விடாதே"ன்னாரு. கையைக் கேக்க அவருக்கு வாய் வரலை, சட்டையைக் குடுத்தாரு. அவ ரெண்டு கையாலயும் சட்டையைச் சுருட்டிப் பிடிச்சுக்கிட்டா, அந்தச் சட்டை திரும்பி வரும்போது முதுகுல கசங்கிப் போய் இஸ்திரி போட்டாலும் போகாத மாதிரி இருந்துச்சு.

ஆனா கூட்டத்துக்குள்ள போனதும் நான் அதை மாத்துனேன், இதைப் பொண்ணு வச்சிருக்கிறவங்க தெரிஞ்சுக்கணும். திருவிழாக் கூட்டத்துல பொம்பளைப் பிள்ளைக்கு ஆபத்து முன்னாடி இருந்து வராது, பின்னாடி இருந்தும் பக்கத்துல இருந்தும்தான் வரும். அதனால அப்பா முன்னாடி வழி விலக்கிட்டுப் போறது சரிவராது. நான் முன்னாடி, அவ நடுவுல, அவரு பின்னாடி, ரெண்டு கையையும் அவ ரெண்டு பக்கமும் வேலி மாதிரி வச்சுக்கிட்டு. அவ என் தோளைப் பிடிச்சுக்குவா. எவனாச்சும் கை வச்சா சத்தம் போடு, அங்கயே போடு, யாரு என்ன நினைப்பாங்கன்னு பாக்காதே, தப்பா ஆளைச் சொல்லிட்டாலும் பரவாயில்லை, நாங்க பேசிக்கிறோம்னு வீட்டுலயே சொல்லிக் கூட்டிட்டுப் போனோம். சொந்தக்காரங்க பிடிக்கிறது அவளுக்குப் பிடிக்கலைன்னாலும் இதே பேச்சுதான், "வேண்டாம் அத்தை, நானே வர்றேன்"னு அவ சொல்லலாம், நான் பக்கத்துல நிப்பேன். ஒரு அத்தை இன்னும் என்கிட்ட மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டு இருக்காங்க. இருக்கட்டும்.

இப்ப அவரு ரோடு கடக்கும்போது மட்டும் அவ மணிக்கட்டைப் பிடிக்கிறாரு. தம்பிக்குச் சொல்லிக் குடுத்த அதே பிடி. அது என்னமோ அவருக்கு வெக்கமில்லாம வருது, வேலை மாதிரி இருக்குல்ல, அதான். அப்பாக்கள் யாராச்சும் இதைப் படிச்சா ஒண்ணு சொல்றேன், கை பிடிக்கச் சங்கடமா இருந்தா பிடிக்க வேண்டாம், ஆனா அதுக்குப் பதிலா ஒண்ணைக் குடுங்க, சட்டையோ, பைக்ல பின்னாடி உக்காரும்போது தோளோ, என்னமாச்சும். ஒண்ணுமே குடுக்காம நிப்பாட்டுனா பிள்ளைங்க அதுக்கு ஒரு காரணத்தைத் தானா கண்டுபிடிச்சுக்கும், அந்தக் காரணம் எப்பவும் அதுங்க மேல பழியாத்தான் இருக்கும்.

பையன் கதைக்குத் திரும்ப வர்றேன். முழுசா விட்டுட்டான்னு நினைச்சா ராத்திரி கரண்ட் போயிருக்கிற நேரம் எங்க சந்துல நாய் நாலஞ்சு நிக்கும், அங்க வந்ததும் சத்தமில்லாம கை வந்து என் கைக்குள்ள நுழையும். லைட் வெளிச்சம் வந்ததும் அதே மாதிரி சத்தமில்லாமப் போயிடும். அந்த நேரத்துல வாயே திறக்கக் கூடாது. "இப்ப மட்டும் அம்மா வேணுமாக்கும்"னு ஒரு வார்த்தை சொன்னீங்க, அடுத்த தடவை நாய் கடிச்சாலும் பிடிக்க மாட்டான். என் தங்கச்சி வீட்டுல இதைச் சொல்லிச் சொல்லிக் கேலி பண்ணி, அந்தப் பையன் இப்ப காய்ச்சல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாலும் தனியாத்தான் நடந்து வர்றான். வீட்டுக்குள்ள, யாரும் பாக்காத இடத்துல பிள்ளைங்க நல்லாவே ஒட்டிக்கிட்டு இருக்கும், டிவி பாக்கும்போது கால் மேல கால் போட்டுக்கும், தலை துவட்டக் குடுக்கும். அதுங்களுக்கு ரோட்டுல ஆள் பாக்குறதுதான் பிரச்சினை.

இப்ப அவன் புதுசா ஒண்ணு ஆரம்பிச்சிருக்கான், சைக்கிள்ல தனியா பாம்பன் பஜார் வரைக்கும் போகணுமாம். தெருவுக்குள்ள, கடற்கரை வீதி வரைக்கும் விட்டாச்சு. மெயின் ரோட்டுல ஏறணுமே, அதுக்கு நான் ஒத்துக்கலை. சைக்கிளை இறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் ரோட்டைக் கடக்கணும், அதை எங்க முன்னாடி சரியா செஞ்சு காமிக்கட்டும், அப்புறம் பேசலாம்னு அவரு சொல்லிருக்காரு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், பெரிய போட்டு எல்லாம் கரையில நிக்கும், மீன் லாரி குறைச்சலா இருக்கும், பழகுறதுக்கு அதுதான் தோதான நேரம்னு அவரு கணக்கு. லாரி குறையும், லீவுக்கு வர்ற டூரிஸ்ட் வேன் ரெண்டு மடங்கு ஆகுமேன்னு நான் கேட்டேன். அதுக்கு இன்னும் பதில் வரலை.